எகிப்தின் பேரரசுக் காலத்தைக் கற்பது எப்படி: கல்வெட்டு பார்த்துப் பழகிய வடார்க்காட்டு வாசகருக்கு ஒரு வழிகாட்டி

எகிப்து என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவை கீசாவின் பிரமிடுகள். ஆனால் எகிப்திய அரசர்கள் தெற்கே நூபியாவையும் வடகிழக்கே கானான், சிரியப் பகுதிகளையும் தம் ஆணைக்குள் கொண்டுவந்த காலத்தில், அந்தப் பிரமிடுகளுக்கு ஏற்கெனவே ஆயிரம் ஆண்டு வயதாகியிருந்தது. வரலாற்றாசிரியர்கள் புதிய அரசு என்று பெயரிட்டுள்ள இந்தப் பேரரசுக் காலம் ஏறத்தாழ கி.மு. 1550இல் தொடங்கி கி.மு. 1069இல் முடிகிறது, 18, 19, 20ஆம் அரச மரபுகள் இதற்குள் அடங்கும். கோயில் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் இக்காலத்தை முறையாகக் கற்க விரும்பினால் எங்கே தொடங்க வேண்டும், எவற்றை ஊன்றிப் படிக்க வேண்டும், எவற்றை விரைந்து கடக்கலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பயிற்சியை எகிப்தில் தொடங்க வேண்டாம். அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் தொடங்குங்கள். கி.பி. 949இல் அங்கே நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தான். சோழர் தரப்பின் ஆனைமங்கலச் செப்பேடு, அவன் யானைமேல் இருந்தபடி அம்பு தைத்து வீரசுவர்க்கம் புகுந்ததாகப் பாடுகிறது. எதிர்த்தரப்பின் ஆதகூர்க் கல்வெட்டோ, கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றான் என்கிறது. வென்ற இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருட்டிணனை ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ கன்னரதேவன் என்று வடார்க்காட்டுக் கல்வெட்டுகளே குறிக்கின்றன. கி.பி. 959இல் அவன் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் பாசறையிட்டிருந்ததைக் கர்காடு செப்பேடு தெரிவிக்கிறது. அதே மேல்பாடியில்தான் பின்னர் முதலாம் இராசராசன், ‘ஆற்றூர்த் துஞ்சின (ஆற்றூரில் இறந்த) தேவர்’ எனப்பட்ட தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது இறந்தவரின் நினைவாக, ஒரு கோயில் எடுப்பித்தான். இந்தச் சான்றுகளை ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிவைத்துப் பாருங்கள். எந்த ஒன்றையும் தனியே நம்பி வரலாறு எழுத இயலாது என்பதும், ஒன்றை மற்றொன்றோடு மோதவிட்டால் நடந்தது ஓரளவு துலங்கும் என்பதும் விளங்கும். எகிப்தின் பேரரசுக் காலத்துக்கு வேண்டிய கருவி இதுவே. அந்தப் பேரரசைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ளவற்றில் பெரும்பங்கு, அரசர்கள் தங்களுக்கென்று பொறித்துக்கொண்ட புகழுரைகளான மெய்க்கீர்த்திகள்.

அடுத்து ஒரு குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை வரைந்துகொள்ள வேண்டும். அரசர், அவருடைய ஆட்சியாண்டு, செய்தி, அது பொறிக்கப்பட்ட இடம், எதிர்த்தரப்புச் சான்று என்பன அப்பத்திகள். கி.மு. ஆண்டை ஓரத்தில் பென்சிலால் எழுதினால் போதும், அது மாறக்கூடியது. எகிப்தியர்களிடம் தொடர் ஆண்டுக் கணக்கு எதுவும் இருக்கவில்லை. நம் கல்வெட்டுகள் ‘யாண்டு 14ஆவது’ என்று தொடங்குவதைப் போலவே அவர்களும் அரசரின் ஆட்சியாண்டை எண்ணினார்கள். அதை இன்றைய ஆண்டாக மாற்றுவதற்கு அரசர் பட்டியல்களும், வானியல் குறிப்புகளும், அண்டை நாட்டு ஆவணங்களும் தேவைப்படுகின்றன. இரண்டாம் இராம்செசு அரியணை ஏறிய ஆண்டு சில நூல்களில் கி.மு. 1304 என்றும், சிலவற்றில் 1290 என்றும், இன்று பெரும்பாலானவற்றில் 1279 என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. அவருடைய 52ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அமாவாசைக் குறிப்பு ஒன்றுக்கு இந்த மூன்று தொடக்கங்களும் பொருந்துகின்றன. ஏதேனும் ஒரு வரிசையைத் தேர்ந்து அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். இரண்டு நூல்களின் ஆண்டுகளைக் கலந்து எழுதினால் அட்டவணை வீணாகிவிடும். இக்கட்டுரை 1279 என்ற வரிசையைக் கொள்கிறது.

நிலப்படத்தை அட்டவணைக்கு முன்போ பின்போ வரையலாம், ஆனால் வரையாமல் விடக்கூடாது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், ஆற்றை எதிர்த்துப் பயணம் செய்வது என்றால் தெற்கே போவது என்று பொருள். பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக சிறிது நேரமாகும். ஆற்றின் தென்பகுதியில் தீபை, வடக்கே மெம்பிசு, கழிமுகத்தின் கிழக்கில் அவாரிசு, தெற்கே அசுவானில் முதல் அருவித்தடை (ஆற்றுப் பாறைகள் படகுகளை மறிக்கும் இடம்), அதற்கு வெகு தெற்கே நான்காம் அருவித்தடையருகே ஜெபல் பர்க்கல் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு வடகிழக்கே காசா, மெகித்தோ, பிப்லோசு, காதேசு, யூப்ரடீசு ஆறு. இத்தனை போதும், இதற்கு மேல் பெயர்களைத் தொடக்கத்திலேயே அடுக்கினால் படம் நிறையுமே தவிர அறிவு நிறையாது.

வரலாற்றை அவாரிசிலிருந்து தொடங்கலாம். மேற்காசியாவிலிருந்து வந்த இக்சோசு அரசர்கள் கழிமுகத்தை அங்கிருந்து ஆண்டார்கள். குதிரை பூட்டிய போர்த்தேர் எகிப்தில் பரவியது அந்தக் காலத்தை ஒட்டித்தான். அவர்களைத் துரத்திய முதலாம் அக்மோசு, 18ஆம் மரபின் முதல் அரசர். இந்தப் போரைப் பற்றிய சிறந்த சான்று அரசருடைய கல்வெட்டு அன்று. எபானாவின் மகன் அக்மோசு என்ற படைவீரர் எல்காப் ஊரில் தம் கல்லறைச் சுவரில் பொறிக்கச் செய்த தன்வரலாறு. எந்தப் போரில் எத்தனை பேரைப் பிடித்தேன், அரசர் எத்தனை முறை எனக்குப் பொன் அளித்தார் என்று அவர் கணக்குச் சொல்கிறார். அவாரிசு வீழ்ந்த பின் பாலத்தீனத்தின் சருகேன் நகரை மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்ட செய்தியும் அவர் வாயிலாகவே வருகிறது. செங்கம் பகுதி நடுகற்களைப் படித்தவர்கள் இந்தக் குரலை உடனே இனங்கண்டுகொள்வார்கள்: அரசனின் ஆட்சியாண்டின்கீழ் ஒரு தனி வீரனின் செயல் நிற்கிறது.

மூன்றாம் துத்மோசின் மெகித்தோப் போரை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். இந்தப் பேரரசுக் காலத்தின் போர்க் குறிப்புகளில் இதற்கு இணையான விரிவு உடையவை குறைவு. சிறுவராக இருந்தபோதே துத்மோசு அரசரானார். ஆனால் அவருடைய சிற்றன்னை அத்செப்சுத் தாமே அரசராக முடிசூடி, அவருடைய ஆட்சியாண்டு வரிசையிலேயே இருபது ஆண்டளவு ஆண்டார். ஆகவே துத்மோசின் 22ஆம் ஆண்டு என்பது உண்மையில் அவர் தனித்து ஆண்ட காலத்தின் தொடக்கம். அந்த ஆண்டில் எல்லைக் கோட்டையிலிருந்து புறப்பட்ட படை பத்து நாட்களுக்குள் காசாவை அடைந்தது. அங்கே அரசர் அரியணை ஏறிய நாள் வந்ததால் ஆட்சியாண்டு 23 என மாறுகிறது. பயணத்தின் நடுவில் ஆண்டு மாறியதைக் கண்டு, இரண்டு படையெடுப்புகள் என்று எண்ணிவிடக்கூடாது. புதிய அரசுக் காலத்தில் ஆட்சியாண்டு நாட்காட்டியின் முதல் நாளில் மாறுவதில்லை, முடிசூடிய நாளில் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மெகித்தோவை அடைய மூன்று வழிகள் இருந்தன. தளபதிகள் அகன்ற வழிகளைப் பரிந்துரைக்க, அரசர் அருணா என்ற குறுகிய கணவாயைத் தேர்ந்ததாகக் கர்னாக் கோயிலின் ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அஞ்சும் அமைச்சரும் அஞ்சாத அரசரும் எகிப்திய அரசவை இலக்கியத்தில் அடிக்கடி வரும் அமைப்பு. ஆகவே கணவாயை ஏற்றுக்கொண்டு, உரையாடலை ஐயத்துடன் வையுங்கள். அதற்கு நேர்மாறாக நம்ப வேண்டிய இடமும் அதே குறிப்பில் உண்டு. பகைவர் சிதறியோடியபோது எகிப்தியப் படையினர் கொள்ளையில் இறங்காமல் இருந்திருந்தால் நகரை அப்போதே பிடித்திருப்பார்கள் என்று அரசருடைய கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. தற்புகழ்ச்சிக்கு நடுவே தற்புகழ்ச்சிக்கு உதவாத வரி ஒன்று வருமானால் அதன்கீழ் கோடிடுங்கள். மெய்க்கீர்த்தி படிப்பவருக்கு அதுவே விளைச்சல். பிறகு வரும் பட்டியலையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்: உயிருடன் பிடிபட்டோர் 340, வெட்டப்பட்ட கைகள் 83, பெண்குதிரைகள் 2,041, தேர்கள் 924. இறந்த பகைவரின் கையை வெட்டி எண்ணிக்கை காட்டுவது அவர்கள் வழக்கம். பெரும்போர் என்று முழங்கப்படும் ஒன்றில் வெட்டப்பட்ட கைகள் 83 மட்டுமே என்பது, களத்தில் நடந்தது நீண்ட போரா, விரைவான ஓட்டமா என்ற கேள்விக்கு விடை தருகிறது.

முற்றுகை ஏழு மாதம் நீடித்தது என்ற செய்தி கர்னாக்கிலிருந்து வருவதில்லை. நூபியாவில் ஜெபல் பர்க்கலில் நாட்டப்பட்ட கல்லில் கிடைக்கிறது. சிரிய, கானானிய அரசர்கள் மண்டியிட்ட கதையை அவ்வளவு தெற்கே ஏன் பொறிக்க வேண்டும்? வென்ற இடத்துக்குச் சொல்வதற்கன்று, அடக்கி வைத்திருக்கும் மற்றோர் இடத்துக்குச் சொல்வதற்காக என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. அட்டவணையில் ‘பொறிக்கப்பட்ட இடம்’ என்ற பத்தியை வலியுறுத்தியதற்குக் காரணம் இத்தகைய இடங்கள்தாம்.

வெற்றிப் பட்டியல்களைக் கையாள ஒரு முன்னெச்சரிக்கை. இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி என்று நாடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதால், பட்டியலின் நீளத்தைக் கொண்டே கல்வெட்டின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். எகிப்தில் இந்த முறை எப்போதும் உதவாது. அங்கே ஊர்ப்பெயர்கள் மதில் வடிவ வட்டங்களுக்குள், மேலே கைகட்டப்பட்ட கைதியின் உருவத்தோடு வரிசையாகப் பொறிக்கப்படும். மூன்றாம் துத்மோசின் பட்டியல் அவருடைய போர்களிலிருந்து எழுந்தது. ஆனால் பிற்கால அரசர்கள், குறிப்பாக மூன்றாம் இராம்செசு, முன்னோரின் பட்டியல்களைப் பார்த்துப் படியெடுத்திருக்கிறார்கள். பெயர் இருப்பதால் அந்த அரசர் அங்கே போனார் என்று எழுதிவிடாதீர்கள். அழிக்கப்பட்ட பெயர்களையும் கவனியுங்கள். தெயிர் எல்-பகரியில் புந்து நாட்டுக்கு அனுப்பிய கப்பல்களைச் செதுக்கி வைத்த அத்செப்சுத்தின் உருவங்கள், துத்மோசின் ஆட்சியின் பிற்பகுதியில் உளியால் சிதைக்கப்பட்டன.

பேரரசு எப்படி நிர்வகிக்கப்பட்டது என்பதற்கு இரண்டு வெவ்வேறு படங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூபியாவில் ‘கூசின் அரசகுமாரர்’ என்ற பட்டம் பெற்ற ஆளுநர் நேரடியாக ஆண்டார். அங்கிருந்து பொன் வந்தது. கானானிலும் சிரியாவிலும் உள்ளூர்ச் சிற்றரசர்கள் தத்தம் ஊர்களில் தொடர்ந்தார்கள். அவர்கள் திறை செலுத்தினார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எகிப்திய அரண்மனையில் வளர்க்கப்பட்டார்கள், காசா போன்ற சில இடங்களில் மட்டும் எகிப்திய அதிகாரிகளும் படையும் இருந்தனர். திருவல்லத்தைச் சுற்றி ஆண்ட வாணர்களும், படைவீட்டுச் சம்புவராயர்களும் மேலே இருந்த பேரரசு வலுவாக இருந்தபோது எப்படி நடந்தார்கள், தளர்ந்தபோது எப்படி நடந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாம் படத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிற்றரசர்களின் குரலை நேரடியாகக் கேட்க வேண்டுமானால் அமர்னா கடிதங்களைப் படியுங்கள். இக்கட்டுரை சொல்லும் சான்றுகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் பரிந்துரைப்பது இவற்றைத்தான். 1887இல் தெல் எல்-அமர்னாவில் கிடைத்த ஏறத்தாழ 380 களிமண் பலகைகள் அவை. மூன்றாம் அமன்கோதெப், அவருடைய மகன் அக்கநாதன் ஆகியோர் காலத்து அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் மெசபொத்தேமியாவின் அக்கேடிய மொழியில், ஆப்பெழுத்தில் எழுதப்பட்டுள்ளது. இவை சுவரில் ஊருக்குக் காட்டப் பொறித்தவை அல்ல என்பதால் இவற்றில் வேறொரு எகிப்து தெரிகிறது. பாபிலோனிய அரசர் எகிப்திய இளவரசியை மணமுடிக்கக் கேட்கிறார். எகிப்து அரசரின் மகளை யாருக்கும் கொடுத்ததில்லை என்று மறுமொழி வருகிறது. எகிப்தில் பொன் மண்ணைப் போலக் கிடக்கிறது என்று சொல்லி மித்தனி அரசரும் அசீரிய அரசரும் மேலும் பொன் கேட்கிறார்கள். பிப்லோசின் ரிப்-அத்தா அறுபதுக்கும் மேற்பட்ட கடிதங்களில் படை அனுப்புங்கள், தானியம் அனுப்புங்கள் என்று மன்றாடுகிறார். ஆனால் அவருடைய மன்றாட்டையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. அண்டை ஊர்த் தலைவர்கள் ஒவ்வொருவரும் மற்றவரைத் துரோகி என்றே எழுதுகிறார்கள். ஒரே சச்சரவைப் பற்றி இரு ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களைத் தேடியெடுத்து எதிரெதிரே வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

அக்கநாதனின் சமய மாற்றத்தையும் துத்தங்காமூனையும் இங்கே சில வரிகளில் முடித்துக்கொள்ளலாம். முன்னவர் ஆதன் என்ற சூரிய வட்டத்தை மட்டும் முதன்மைப்படுத்திப் புதிய தலைநகர் அமைத்தார். பின்னவர் பழைய தெய்வங்களுக்குத் திரும்பினார், பத்து ஆண்டளவே ஆண்டார், 1922இல் கார்ட்டர் குழுவினர் கண்டெடுத்த கல்லறையால் புகழ் பெற்றார். பேரரசின் போக்கை அறிய அந்தப் பொன்னைவிட அமர்னாவின் களிமண் பலகைகள் பெரிதும் உதவும் என்பது என் கருத்து.

இப்போது காதேசு. தக்கோலத்தில் செய்த பயிற்சியை இங்கே மீண்டும் செய்ய வேண்டும். கி.மு. 1274 வாக்கில், தம் ஐந்தாம் ஆட்சியாண்டில், இரண்டாம் இராம்செசு நான்கு படைப்பிரிவுகளுடன் ஓரந்தே ஆற்றங்கரையை நோக்கிச் சென்றார். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட இத்தைத்து அரசர் முவத்தல்லி வெகுதொலைவில் அலெப்போவில் இருப்பதாக இரண்டு நாடோடிகள் பொய் சொன்னதை நம்பி, முதற்பிரிவோடு முன்னே போய்ப் பாளையம் இறங்கினார். பிடிபட்ட இத்தைத்து ஒற்றர்களை அடித்து விசாரித்தபோதுதான் எதிரிப்படை காதேசுக்குப் பின்னாலேயே மறைந்திருப்பது தெரியவந்தது. அதற்குள் இத்தைத்துத் தேர்கள் வந்துகொண்டிருந்த இரண்டாம் பிரிவைச் சிதறடித்துப் பாளையத்துக்குள் புகுந்தன. நீண்ட செய்யுள் வடிவம், எல்லோரும் கைவிட்டோட, அரசர் அமூன் தெய்வத்தை அழைத்துத் தனியொருவராகப் பகையை ஆற்றில் தள்ளினார் என்று பாடுகிறது. சுவர்ச் சிற்பங்களின் குறிப்புகளோ, நெகரின் என்ற மற்றொரு படை நல்ல நேரத்தில் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கின்றன. ஒரே அரசர், ஒரே போர், ஆனால் ஒரு வடிவம் மறைப்பதை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது. கர்னாக், லக்சோர், இராமசேயம், அபிதோசு, அபு சிம்பெல் என்று பல கோயில்களில் இந்தக் கதையைப் பொறிக்கச் செய்தவர் காதேசைப் பிடிக்கவில்லை. இத்தைத்துத் தரப்பு ஆவணம், முவத்தல்லி எகிப்து அரசரை வென்றதாகவே சொல்கிறது. காதேசும் அமூரு நாடும் அவர்கள் வசமே இருந்தன.

இராம்செசின் 21ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1259 வாக்கில், அவருக்கும் இத்தைத்து அரசர் மூன்றாம் அத்துசிலிக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கைக்கு இரு தரப்புப் படிகளும் கிடைத்துள்ளன: எகிப்தியப் படி கர்னாக், இராமசேயச் சுவர்களில், அக்கேடிய மொழிப் படி இன்றைய துருக்கியிலுள்ள இத்தைத்துத் தலைநகர் அத்துசாவில் களிமண் பலகைகளில். ஒருவர் நாட்டை மற்றவர் தாக்குவதில்லை, மூன்றாமவர் தாக்கினால் துணை வருவது, ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்புவது ஆகிய விதிகள் இரண்டிலும் உள்ளன. எகிப்தியப் படியின் முகப்பு மட்டும், இத்தைத்துத் தூதர்கள் வந்து சமாதானம் வேண்டினர் என்று தொடங்குகிறது. அட்டவணையின் ஐந்தாம் பத்தி முழுமையாக நிரம்புவது இந்த ஓரிடத்தில்தான்.

தமிழ் வாசகர் இங்கே ஓர் ஆர்வத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாம் இராம்செசின் பதப்படுத்திய உடலின் மூக்கில் மிளகு காணப்பட்டது உண்மை. மிளகு தென்னிந்தியாவின் விளைபொருள் என்பதும் உண்மை. அது எத்தனை கைகள் மாறிப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த மிளகு சொல்லாது. அதைக் கொண்டு எகிப்தில் தமிழர் ஆட்சி என்றெல்லாம் கட்டுவோரின் எழுத்துகளை உங்கள் அட்டவணைக்குள் விடாதீர்கள். செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த தமிழ்ப் பிராமிப் பானை ஓடுகள் உரோமர் காலத்தவை. பேரரசுக் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியவை.

20ஆம் மரபுக்கு வரும்போது போரிலிருந்து பொருளியலுக்குப் பார்வையைத் திருப்புங்கள். மூன்றாம் இராம்செசு தம் எட்டாம் ஆண்டில் ‘கடல் மக்கள்’ எனப்படும் படையெடுப்பாளர்களை முறியடித்ததை அவருடைய மெதினத் அபு கோயிலின் சுவர்கள் விரிவாகக் காட்டுகின்றன. அதைப் படித்த கையோடு, 41 மீட்டர் நீளமுடைய பெரும் ஆரிசு பாப்பிரசையும் (நாணல் தாள் சுருள்) பாருங்கள். அமூன் கோயில்களுக்கு 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 433 தோட்டங்கள் உரியவை என்று அது கணக்கிடுகிறது. தேவதானக் கல்வெட்டுகளில் வேலிக்கணக்கையும் ஆட்டுக்கணக்கையும் கூட்டிப் பழகியவர்களுக்கு இதன் எடை புரியும்.

அதே அரசரின் 29ஆம் ஆண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தெயிர் எல்-மதீனா தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய ஊதியம் தானியம்: ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டைக் கோதுமையும் ஒன்றரை மூட்டை வாற்கோதுமையும்; மூட்டை என்பது ஏறத்தாழ 77 லிட்டர். அது வராமல் மாதத்தில் 18 நாட்கள் கழிந்துவிட்டன, பசிக்கிறது என்று சொல்லி அவர்கள் அருகிலிருந்த கோயில்களில் போய் அமர்ந்தார்கள். தூரின் நகரிலுள்ள பாப்பிரசு நாள்வாரியாக இதைப் பதிவுசெய்கிறது. மெதினத் அபுவின் வெற்றிச் சுவரும் இந்தப் பாப்பிரசும் உங்கள் குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

ஒன்பதாம் இராம்செசு காலத்துக் கல்லறைக் கொள்ளை விசாரணைகளையும், பதினோராம் இராம்செசு காலத்தில் தெற்கே அமூன் தலைமைக் குருக்கள் அரசரைப் போலவே நடந்துகொண்டதையும் குறிப்பாக அறிந்தால் போதும். கடைசியாக, வெனாமூன் என்ற எகிப்தியத் தூதரின் பயணத்தைப் படியுங்கள். மாஸ்கோவில் பாதுகாக்கப்படும் பாப்பிரசில் உள்ள அது ஓர் இலக்கியக் கதை என்றே பலரும் கருதுவதால், அதிலுள்ள நிகழ்ச்சிகளை ஆட்சியாண்டுப் பத்தியில் எழுதக்கூடாது, தனித்தாளில் எழுதுங்கள். அமூன் படகுக்குத் தேவதாரு மரம் வாங்கப் பிப்லோசுக்குப் போகும் வெனாமூனைத் துறைமுகத்தை விட்டுப் போகச் சொல்கிறார் அவ்வூர்த் தலைவர். பிறகு, முன்னோர் காலத்தில் எகிப்து மரத்துக்கு விலை கொடுத்த கணக்கைப் பேரேட்டிலிருந்து படித்துக்காட்டி, பணம் வரும்வரை மரம் வெட்ட மறுக்கிறார். ரிப்-அத்தாவின் கடிதங்களும் இதே பிப்லோசிலிருந்து எழுதப்பட்டவைதாம். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் படித்து, ஒவ்வொன்றிலும் யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.